ஒரே நாளில் திறந்த கண்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்த அந்த வாரத்து வியாழக்கிழமை, திண்டுக்கல்லில் எங்கள் தெருவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு கண் மருத்துவமனையில் என் வலது கண்ணுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. அதுவரை எல்லாவற்றையும் நாட்குறிப்பைப் பார்த்தே சொல்ல முடியும். அதற்கு அடுத்த வாரத்தைப் பற்றி எழுதிவைத்த சான்று எதுவும் என்னிடம் இல்லை. பல வருடங்களாக ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். அந்த வாரத்துப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. அவற்றில் எழுதியிருக்க வேண்டியதை இப்போதுதான் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை. திருமணம் செய்துகொள்ளவில்லை. அப்பா, அம்மா போன பிறகு கீழ் வீட்டில் நான் ஒருத்தி. மாடியில் வாடகைக்கு ஓர் இளம் தம்பதியும் அவர்களுடைய யூகேஜி படிக்கும் மகளும். பணியில் இருந்தபோதே எனக்கு ஒரு வழக்கம் உண்டு. இந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூடம் எந்த வருடம் ஓட்டுக்கூரையிலிருந்து தளத்துக்கு மாறியது, எந்தத் தோல் கிடங்கு எப்போது மூடப்பட்டது, எந்தக் கோவில் மணி எங்கே வார்க்கப்பட்டது என்று தேடித் தேடிக் குறித்துவைப்பேன். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் அதனால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. எனக்குப் பொழுது அதில்தான் போகும். அடிக்கல் நாட்டிய கல் எங்காவது கண்ணில் பட்டால் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு வாசிக்காமல் நகர மாட்டேன்.

இதற்கெல்லாம் எனக்கு இருந்தது ஒரே கண். சின்ன வயதில் விளையாட்டு மைதானத்தில் கல் பட்டதில் இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. அதில் ஆள் தெரியும், எழுத்து தெரியாது. வாசிப்பது, எழுதுவது, பேப்பர் திருத்துவது எல்லாமே வலது கண்தான். அதில் புரை முற்றி, கல்லில் இருக்கும் எழுத்துகள் பால் ஊற்றியதுபோல் மங்க ஆரம்பித்த பிறகும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். இருக்கிற ஒரு கண்ணையும் கத்திக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்ற பயம்.

"டீச்சர், இனிமேயும் விட்டா அறுக்கிறதே கஷ்டம்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சம்மதித்தேன்.

அந்த வியாழக்கிழமை காலையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் நிறையப் பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. முடித்தவர்களை ஒரு நீளமான அறையில் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். என் பக்கத்துக் கட்டிலில் நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி. மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். அவரோடு மகன், மருமகள், மகள், மகளின் மாமியார் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். என்னோடு ஒரு துணிப்பை வந்திருந்தது.

கண்ணில் கட்டோடு மல்லாந்து படுத்துக்கொண்டே அந்த அம்மா என்னை விசாரிக்க ஆரம்பித்தார். எந்த ஊர், என்ன வேலை, வீட்டுக்காரர் என்ன செய்கிறார், எத்தனை பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் நான் சுருக்கமாகப் பதில் சொல்லச் சொல்ல அவருக்குத் தாங்கவில்லை.

"அப்ப டீச்சருக்கு ஆருமே இல்லையா? ஆத்தி! வீட்டுக்குப் போனா சோறு ஆரு பொங்குவா? சொட்டு மருந்து ஆரு ஊத்துவா?"

"நானே பாத்துக்குவேன்."

"நானேன்னா? படுத்துக்கிட்டே நீங்களே ஒங்க கண்ணுல ஊத்துவீகளா? சரியாப்போச்சு. மூக்குலதான் போய் விழும்."

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. யாரோ சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. தூங்குவதுபோல் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். எதிர்ச் சுவரில் தீயணைப்பானுக்கு மேல் ஒட்டியிருந்த அறிவிப்பை நான் கடைசி வரிவரை வாசித்தேன். சிவப்பு இவ்வளவு சிவப்பாக இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பக்கத்துக் கட்டிலில் அந்த அம்மா முதலில் தன் கையைப் பார்த்தார், அப்புறம் மருமகளைப் பார்த்தார், அப்புறம் என் பக்கம் திரும்பி உற்றுப் பார்த்தார்.

"ஏன் டீச்சர், நேத்து மொழுமொழுன்னுல இருந்தீக. ஒரு ராத்திரியில இம்புட்டுச் சுருக்கம் விழுந்துருச்சு மொகத்துல!"

இந்த முறை நானும் சிரித்துவிட்டேன். கிளம்பும்போது அவர் என் போன் நம்பரைக் கேட்டார். மருமகள் குறித்துக்கொண்டாள். "நம்ம ரெண்டு பேரும் ஒரே நாள்ல கண்ணு தொறந்தவுக. ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கணும்ல" என்றார். கொடுத்தேனே தவிர, அழைக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். அழைத்தால் எடுக்கவும் எண்ணமில்லை.

வீட்டுக்கு வந்த முதல் மூன்று நாட்கள் நன்றாக இருந்தன. காலையும் மாலையும் மாடி வீட்டுப் பெண் இறங்கிவந்து சொட்டு மருந்து போட்டுவிட்டாள். தலைக்குக் குளிக்கவில்லை, குனியவில்லை, அடுப்புப் பக்கம் போகவில்லை. டாக்டர் சொன்ன எதையும் மீறவில்லை. வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அந்த வருடம் மழையோடு மெட்ராஸ் ஐ ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பள்ளிக்கூடங்களில் கண் சிவந்த பிள்ளைகளை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். பஸ்ஸில் யாராவது கருப்புக் கண்ணாடி போட்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய்விடுவார். கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, படித்தவர்கள் பலருக்கும் அது உண்டு.

செவ்வாய்க்கிழமை காலையில் என் வலது கண் உறுத்தியது. மருந்து போட வந்த மாடி வீட்டுப் பெண் என் இமையை விரித்தவள் அப்படியே கையை எடுத்துக்கொண்டாள்.

"டீச்சர், செவந்திருக்கு. ஒங்களுக்கும் வந்திருச்சு போலயே."

"என்னது?"

"மெட்ராஸ் ஐதான். நம்ம தெருமுனைக் கடைக்காரருக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

நானும் அதுதான் என்று நம்பினேன். ஒரு நொடிகூட வேறு எதுவும் தோன்றவில்லை. ஊரில் எல்லோருக்கும் வந்திருப்பது எனக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அவள் சங்கடத்தோடு நின்றாள். மகளுக்கு ஒட்டினால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்கள், அவளுக்கோ பின்னலாடைக் கம்பெனியில் அதற்குமேல் லீவு கிடையாது. அவள் சொல்வதற்கு முன்பு நானே சொன்னேன், இனிமேல் நீ கீழே வர வேண்டாம், மருந்தை நானே போட்டுக்கொள்கிறேன் என்று. அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்து எனக்கும் ஒரு திருப்தி. யாருக்கும் பாரமாக இல்லை என்ற திருப்தி.

அன்றிலிருந்து அவள் சாப்பாட்டை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் கம்பியைத் தட்டுவாள். "வச்சிருக்கேன் டீச்சர்" என்று தெருவைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். ஒருநாள் ஒரு கிண்ணத்தில் நந்தியாவட்டைப் பூவும் வைத்திருந்தாள், கண்ணில் ஒற்றிக்கொள்ள. நல்லவேளை, அதை நான் ஒற்றிக்கொள்ளவில்லை. மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசமும் வெஞ்சனமும் சுடச்சுட வந்தன. அவளுடைய அன்பில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நாட்களில் ஒரு மனித முகமும் என் முகத்துக்கு நேராக வரவில்லை.

புதன்கிழமை கல்லறைத் திருநாள். கத்தோலிக்கர்கள் அன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போய், இறந்தவர்களின் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவோம். அப்பா இறந்த வருடத்திலிருந்து நான் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. எங்கள் தெருக் கத்தோலிக்கர்களின் ஜெபக் குழுவான அன்பியத்துப் பெண் ஒருவருக்குப் போன் செய்து, என் பெற்றோர் கல்லறையிலும் ஒரு மெழுகுவத்தி ஏற்ற முடியுமா என்று கேட்டேன். "கட்டாயம் ஏத்துறேன் டீச்சர். நீங்க மட்டும் வந்துறாதீங்க. அம்புட்டுக் கூட்டம், எல்லாருக்கும் பரவிரும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். சாயங்காலம் சாமந்திப் பூவும் ஊதுபத்தியும் மணக்க ஜனங்கள் தெருவழியே போகிற சத்தத்தைக் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல் வலித்தது. புருவத்திலிருந்து நெற்றிப்பொட்டு வரை அந்த வலி பரவியது. வெளிச்சம் பட்டால் தாங்கவில்லை. கருப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் கண்ணை மூடியே வைத்திருந்தேன்.

கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி மகள் அழைத்தாள். "நல்லா இருக்கேன்மா. லேசா மெட்ராஸ் ஐ, அவ்வளவுதான்" என்றேன். "அய்யய்யோ அத்தை, பத்திரம்" என்றாள். அவளுக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? வலியை நான் சொல்லவே இல்லையே.

மறுநாள் வியாழக்கிழமை. மருத்துவமனைக்கு நான் மறுபடி போக வேண்டிய நாள். காலையில் சேலைகூட மாற்றிக்கொண்டேன். வாசல்வரை வந்த பிறகுதான் அந்த நீளமான பெஞ்சு ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு அறுவை சிகிச்சை முடித்த அத்தனை பேரும் பச்சைப் புண்ணான கண்ணோடு அதில் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நடுவில் மெட்ராஸ் ஐயை வைத்துக்கொண்டு போய் நான் எப்படி உட்கார்வது? ஒருவருக்கு ஒட்டினாலும் பாவம் அல்லவா? இது தானாகவே ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று பத்திரிகைகளில் வாசித்திருக்கிறேன். சரியான பிறகு போய்க்கொள்ளலாம். இப்படி யோசித்துத் திரும்பிவந்து, சேலையை மடித்துவைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். வேலையாக இருப்பவர்களை இதற்காக ஏன் கூப்பிட வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு கட்டடத்தின் வருடத்தைக்கூட இரண்டு இடத்தில் சரிபார்க்காமல் எழுதாத எனக்கு, என் கண்ணைச் சரிபார்க்கத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், சரிபார்க்கப் பயமாக இருந்தது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தால் தெரிந்துபோகும். அதனால் பார்க்கவில்லை.

அன்று முழுவதும் போன் விட்டுவிட்டு அடித்தது. திரையில் யார் பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலும் அடித்தது. கடைசியில் எரிச்சலோடு எடுத்தேன்.

"டீச்சரு! உசுரோடதான் இருக்கீகளா? நேத்து ஆசுபத்திரியில ஒங்களத் தேடுனேன் தேடுனேன், காணவே காணோம். பெஞ்சில ஒங்களுக்கு எடம்லாம் போட்டு வச்சிருந்தேன்."

பக்கத்துக் கட்டில் அம்மா. எனக்கு மெட்ராஸ் ஐ, அதனால் வரவில்லை என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குத் தன் கண்ணைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

"அத விடுங்க. எனக்கு எப்படித் தெரியுதுங்கிறீக! இப்பத் தோட்டத்துலதான் நிக்கேன். மருமக மொட்டுப் பறிக்கா. இங்கன இருந்தே சொல்லிட்டேன், 'ஏ புள்ள, அந்தக் கடேசி வரிசையில நாலு மொட்ட விட்டுட்டு வாரே'ன்னு. அவளுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. இத்தன நாளு எனக்குக் கண்ணு தெரியலன்னு என்னென்ன விட்டுட்டு வந்தாளோ!"

சிரித்தார். பிறகு, "ஒங்களுக்கு எப்படி? எங்க, அங்கன இருந்து எது தெரியுதோ அதச் சொல்லுங்க பாப்போம். ஒரே நாளு கண்ணு, ஆருது கூர்னு பாத்துருவோம்" என்றார், சின்னப் பிள்ளைகள் போட்டிக்கு அழைப்பதுபோல.

விளையாட்டுக்குத்தான். ஏனோ நானும் எழுந்து உட்கார்ந்தேன். கருப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணைத் திறந்தேன்.

சுவரில் நாட்காட்டி இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அங்கே ஒன்றுமில்லை. ஜன்னல் இருக்கும் பக்கம் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். மற்ற கையை முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தேன். விரல்களை ஆட்டினேன். ஏதோ அசைந்தது. அது எத்தனை விரல் என்று தெரியவில்லை.

"டீச்சரு? என்ன தெரியுது?"

கையை இன்னும் கிட்டே கொண்டுவந்து பார்த்தேன்.

"டீச்சரு, என்னான்னு சொல்லுங்க."

"என் கையே தெரியல" என்றேன். அந்த வாரத்தில் நான் ஒருவரிடம் சொன்ன முதல் உண்மை அது.

மறுமுனையில் மருமகள் ஏதோ கேட்பதும், இவர் "சும்மா இரு" என்பதும் கேட்டது. பிறகு குரலே மாறிவிட்டது.

"வலிக்குதா?"

"ரெண்டு நாளா."

"அங்கனயே இருங்க. வாரேன்."

"வேணாம்மா. ஒங்களுக்கும் புதுக் கண்ணு. ஒட்டிக்கிரும்."

"ஒட்டுனா ஒட்டுது. தெருப் பேரச் சொல்லுங்க."

வெயில் ஏறும்போது வந்துவிட்டார். பூ மூட்டை ஏற்றிவந்த வேனில் பூ மார்க்கெட் வரையும், அங்கிருந்து டவுன் பஸ்ஸிலும் வந்திருக்கிறார். வாசலில் நின்றுகொண்டே, "கருப்புக் கண்ணாடியப் பாத்ததும் பஸ்ஸே காலி. ஒருத்தி சீட்டவிட்டு எந்திரிச்சு ஓடிட்டா. மகராணியாட்டம் கால நீட்டிட்டு வந்தேன்" என்றார். பேசிக்கொண்டே உள்ளே வந்தவர், என் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். என் கண்ணாடியைக் கழற்றினார். தன்னுடையதையும் கழற்றிவிட்டு, மூச்சு படும் தூரத்தில் குனிந்து என் கண்ணைப் பார்த்தார். மூன்று நாட்களுக்குப் பிறகு என் கண்ணை ஒருவர் பார்த்தார். அவர் உடம்பில் மல்லிகை வாசனையும் வேர்வை வாசனையும் சேர்ந்து அடித்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுகாதீக, அழுகாதீக. கண்ணுக்கு ஆகாது." பிறகு மெதுவாகச் சொன்னார். "கருமுழிக்கு அடியில வெள்ளையா தேங்கி நிக்கு டீச்சர். எனக்கு என்னான்னு தெரியல. ஆனா இப்படி இருக்கப்படாது. கெளம்புங்க."

மாடி வீட்டுப் பெண் சாப்பாட்டுக் கிண்ணத்தோடு ஜன்னலண்டை வந்தவள் இதைக் கேட்டுவிட்டாள். வீட்டைப் பூட்டிச் சாவியை என் கையில் வைத்தாள். "நான்தானே மெட்ராஸ் ஐன்னு சொன்னேன்" என்றாள். "நானும்தான் சொல்லிக்கிட்டேன்" என்றேன். ஆட்டோ கிளம்பும்வரை அவள் படியிலேயே நின்றிருந்தாள்.

மருத்துவமனையில் இரண்டு கருப்புக் கண்ணாடிகளைப் பார்த்ததும் நர்ஸுக்குக் குழப்பம். "இதுல பேஷண்ட் யாரு, கூட வந்தவங்க யாரு?"

"ரெண்டுமே ஒங்க சரக்குத்தான் தாயி. ஒண்ணு நல்லாருக்கு. இன்னொண்ணு இல்ல. சட்டுனு டாக்டரக் கூப்பிடு."

டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஏன் நேற்றே வரவில்லை என்று கேட்டார். வந்தால் மற்ற நோயாளிகளுக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று நினைத்ததாகச் சொன்னேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அம்மா, ஒங்களப் பாக்குறதுக்குத்தானே நாங்க ஒக்காந்திருக்கோம். ஒரு போனாவது அடிச்சிருக்கலாமே" என்றார்.

கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் வைத்திருக்கிறது என்று விளக்கினார். எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் மிகச் சிலருக்கு இப்படி ஆகிவிடுவது உண்டு. அறுவை முடிந்த முதல் நாட்களில் வலி கூடினாலோ, சிவந்தாலோ, தெரிந்த பார்வை மங்கினாலோ அன்றைக்கே வர வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது இதை எனக்கும் சொல்லித்தான் அனுப்பினார்கள். நானும் தலையாட்டினேன். மெட்ராஸ் ஐ என்று ஒரு பெயர் கிடைத்ததும் அது எல்லாம் மறந்துபோயிற்று. "பார்வை வருமா?" என்று கேட்டேன். முதலில் கண்ணைக் காப்பாற்ற வேண்டும், பார்வையை அப்புறம் பார்க்கலாம் என்றார். நான் வாசிக்கிற கண் இது ஒன்றுதான் என்று அவருக்கும் தெரியும்.

மதுரையில் ஒரு பெரிய கண் மருத்துவமனைக்கு உடனே அனுப்பினார்கள். வண்டியில் ஏறும்போது கூட யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என் வாழ்க்கையில் பலமுறை "யாரும் இல்லை" என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். அன்று அதற்குள் அந்த அம்மா ஏறி உட்கார்ந்திருந்தார்.

வழியில் அவருடைய மகன் அழைத்தார். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கும் அளவுக்குச் சத்தம் போட்டார். "ஒனக்கே பச்சப் புண்ணு. எங்கிட்டுப் போற? அந்தம்மா ஒனக்கு என்ன வேணும்?"

"என்ன வேணும்னு வந்து சொல்றேன். செவல மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

அம்மையநாயக்கனூர் தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தவர், கண்ணாடியைக் கழற்றி மறு கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தார். பிறகு, "டீச்சர், எனக்கும் இப்படி ஆயிருமா?" என்று கேட்டார். அப்போதுதான் அவருக்கும் பயமாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஒரே நாளில், ஒரே அறையில், அதே கையால் செய்த கண். எனக்கு வந்தது அவருக்கு வராது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அந்தப் பயத்தை வைத்துக்கொண்டுதான் என் கண்ணுக்கு அவ்வளவு கிட்டே முகத்தைக் கொண்டுவந்திருக்கிறார். "ஆகாது" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் சொன்னேன். மதுரையில் அவர் கண்ணையும் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஒரு டீ குடித்தார்.

அன்று சாயங்காலமே கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். அந்த வலியை விவரிக்கப் போவதில்லை. மரத்துப்போக மருந்து போட்டிருந்தார்கள் என்பதையும், நான் பயந்ததில் பாதிகூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதை வாசிக்கிற யாருக்காவது உதவும். தம்பி மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்த பிறகு அந்த அம்மா கிளம்பினார். "நல்லா இருக்கேன்னு சொன்னீங்களே அத்தை" என்று அவள் கேட்டுக் கேட்டு அழுதாள். பிறகு இன்னொரு ஊசி, அதன் பிறகு சீழைச் சுத்தம் செய்ய இன்னொரு அறுவை சிகிச்சை.

கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். எடுக்க வேண்டிவரலாம் என்று ஒரு கட்டத்தில் பேசினார்கள் என்பதை மிகப் பிற்பாடுதான் தம்பி மகள் சொன்னாள். பார்வையில் கொஞ்சம் திரும்பியது. இன்று வலது கண்ணால் எதிரே இருப்பவரின் முகம் தெரிகிறது, நிறம் தெரிகிறது, கடைப் பலகையில் பெரிய எழுத்துகள் தெரிகின்றன. புத்தக எழுத்து தெரியவில்லை. கல்லில் வெட்டியதை விரலால் தடவிப் பார்க்கிறேன். இதைக்கூடத் தடித்த பேனாவால் ஒரு பக்கத்துக்கு ஆறேழு வரியாக எழுதினேன், மாடி வீட்டுப் பெண்தான் படியெடுத்துத் தருகிறாள். செவ்வாய்க்கிழமையே போயிருந்தால் முழுதாகத் திரும்பியிருக்குமா என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்" என்றார். கருணையால் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு மறு கண்ணும் அடுத்த வருடம் அறுவை ஆயிற்று. நன்றாக இருக்கிறார். பூ சீசனில் அழைக்க நேரம் இருக்காது, மற்ற மாதங்களில் அழைப்பார். பேசுவதற்கு எங்களுக்குள் பொதுவாக அதிகம் ஒன்றுமில்லை. "என்ன டீச்சர், சாப்டாச்சா?" என்பார். ஆச்சு என்பேன். மழை பெய்ததா என்று நான் கேட்பேன். பிறகு வைத்துவிடுவோம். வீட்டில் மறுபடி பழைய அமைதி.

மாடி வீட்டுப் பெண்ணையோ, அன்பியத்தில் என்னை வர வேண்டாம் என்றவரையோ நான் ஒருநாளும் குறை நினைத்ததில்லை. அவர்கள் விலகுவதற்கு முன்பே நான் விலகிக்கொண்டேன், அதுவும் மிக மரியாதையாக. யாருக்கும் தொந்தரவு தராமல் இருப்பதை என் நல்ல குணம் என்றே இத்தனை வருடமும் எண்ணியிருந்தேன். அதில் பாதி, கேட்டு யாராவது வராமல் போய்விட்டால் அதை எப்படித் தாங்குவது என்ற பயம் என்பதை இந்த வயதில்தான் புரிந்துகொண்டேன். புரிந்த பிறகும், உடம்புக்கு ஏதாவது வந்தால் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுத்தான் ஒருவரை அழைக்கிறேன், ஆனால் அழைத்துவிடுகிறேன்.